கைப்பேசியும் சொல்லடக்கமும்



உலகப் பொருள்கள் யாவும் உயிர், உயிரல்லது என்னும் இரண்டினுள் அடங்கும் என்பது நம் வீட்டுச் சிறுவர்களும் அறிந்த பாடம். கைப்பேசி உயிரல்லது. அதற்கு அறிவு இல்லை. விருப்பு வெறுப்பு இல்லை. ஆகவே வினையும் இல்லை. “கருவியில் நன்மை தீமை ஏது? எல்லாம் பயன்படுத்துவோர் மனத்தில்தான் இருக்கிறது” என்று பலரும் கூறக் கேட்கிறோம். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை நம் ஆசாரியப் பெருமக்கள் எவ்வாறு விளக்கினர் என்பதை இங்குச் சிந்திப்போம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை ஊறி வரும் வழியைக் கூறுவது. மனம், மொழி, மெய் என்னும் மூன்றின் அசைவே யோகம். அந்த யோகமே ஊற்று (ஆஸ்ரவம்). ஒரே செயலைச் செய்த இருவர்க்கு வினை ஒரே அளவாக ஊறுவதில்லை. எண்ணத்தின் கடுமை, மென்மை, அறிந்து செய்தல், அறியாது செய்தல், செய்பவனின் ஆற்றல் ஆகியவற்றால் அது வேறுபடும். இவற்றோடு ‘அதிகரணம்’ என்னும் ஒன்றையும் உமாஸ்வாமி ஆசாரியர் சேர்த்து எண்ணுகிறார். அதிகரணம் என்பது செயலுக்கு இடமாகவும் பற்றுக்கோடாகவும் அமைவது. அது உயிருள்ளது, உயிரற்றது என இருவகைப்படும். ஒரு பொருளை ஆக்குதல், வைத்தல், மற்றொன்றோடு சேர்த்தல், செலுத்துதல் ஆகியன உயிரற்ற அதிகரணத்தின் வகைகள்.

வாளுக்கு வினை இல்லை. ஆயினும் உறையில் இட்ட வாளும், குழந்தையின் கைக்கு எட்டும்படி திண்ணையில் கிடக்கும் வாளும் ஒன்றாகுமா? வினை எளிதில் ஊறுவதற்கும், ஊறாமல் தடைப்படுவதற்கும் கருவியின் அமைப்பு துணையாகிறது. இந்த நுட்பமான உண்மையை நம் காலத்தில் கைப்பேசி கண்கூடாக்கியிருக்கிறது.

போளூர் அருகே நிகழ்ந்தது

போளூருக்கு அண்மையில் உள்ள திருமலை நம்மவர் அனைவரும் வணங்கும் தலம். குந்தவைப் பிராட்டியார் பெயரால் அமைந்த ஜினாலயமும், சிகாமணிநாதர் எனப் போற்றப்படும் நேமிநாத பகவானின் நெடிய திருவுருவமும் அங்கே உள்ளன. கொல்லாமையை ஆயிரம் ஆண்டுகளாக ஓதிவரும் மண் அது.

2018ஆம் ஆண்டில், குழந்தைகளைக் கடத்தும் கும்பல் நடமாடுகிறது என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியாகத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில், சென்னையிலிருந்து உறவினருடன் கோயில் வழிபாட்டுக்காகப் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதிக்கு வந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பார்த்தவர்கள் அவரைக் கடத்தல்காரர் என ஐயுற்றனர். கூட்டம் திரண்டது. அம்மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார்; உடன் வந்தோரும் தாக்கப்பட்டுக் காயமுற்றனர். குழந்தையைக் கண்டதும் இனிப்பைக் கொடுப்பது நம் பாட்டிமார் அனைவர்க்கும் இயல்பு. அந்த அன்பே அவருக்குக் கூற்றாயிற்று. அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள், மகாராட்டிர மாநிலத்துத் துலே மாவட்டத்தில் ராயின்பாடா என்னும் சிற்றூரில், நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவர் அதே ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர்.

அவ்வாண்டு இந்தியாவில் இவ்வாறு பரவிய படங்களுள் ஒன்றன் வரலாற்றை நாம் அறிந்துகொள்ள வேண்டும். பாகிஸ்தானின் கராச்சி நகரில், பிள்ளைகளைப் பாதுகாக்குமாறு பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட குறும்படம் அது. மோட்டார் சைக்கிளில் வருவோர் ஒரு சிறுவனைத் தூக்கிச் செல்வர். பின் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை எழுதிய பலகையைக் காட்டுவர். எவரோ அந்த இறுதிப் பகுதியை வெட்டி எறிந்தனர். எஞ்சிய பகுதி, உண்மையாகவே நடந்த கடத்தல் என்ற பெயரில் ஊர்தோறும் சென்றது.

புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூலில் அமிர்தசந்திர ஆசாரியர் பொய்யை நான்காக வகுக்கிறார். உள்ளதை இல்லை என்றல், இல்லாததை உண்டு என்றல், ஒன்றை மற்றொன்றாகக் காட்டுதல், பழியும் தீங்கும் கடுமையும் பொருந்திய சொல்லைச் சொல்லுதல் என்பன அவை. மேற்கூறிய படம் மூன்றாம் வகைக்கு உரியது. படத்தில் கண்ட காட்சி எதுவும் புதிதாகப் புனையப்பட்டதன்று. ஒரு துண்டை நீக்கியதனாலேயே அறிவுரை பொய்யாக மாறியது. அந்தப் பொய் உயிர்க்கொலைக்குத் துணை நின்றது.

அச்செய்திகளை அனுப்பியவர்கள் யார்? அவர்களுள் பலர் தம் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்றே எண்ணியிருப்பர். எவரையும் கொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஆயினும், சோர்வொடு கூடிய யோகத்தால் (பிரமத்த யோகம்) உயிர்க்கு ஊறு விளைவதே ஹிம்சை என நம் ஆகமம் கூறுகிறது. கையில் கத்தி இருந்ததா என்று மட்டும் அது கேட்பதில்லை. விழிப்பு இருந்ததா என்றும் கேட்கிறது. அறியாது செய்ததனால் ஊற்றின் வேகம் குறையலாம், முற்றும் அற்றுப்போவதில்லை.

விரலுக்கும் மனத்துக்கும் இடையே

முன்னாளில் அஞ்சலட்டைகள் சில வீடு தேடி வந்தது மூத்தோர்க்கு நினைவிருக்கும். “இதை இத்தனை பேர்க்கு எழுதி அனுப்பினால் நன்மை உண்டாகும்; அனுப்பாவிடில் தீங்கு நேரும்” என்று அவற்றில் எழுதியிருக்கும். அம்மூடப் பழக்கத்திலும் ஒரு தடை இருந்தது. ஒவ்வோர் அட்டையையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். கை நோக எழுத வேண்டும். ஐந்தாவது அட்டையிலேயே பலருக்கு அறிவு தெளிந்துவிடும்! டுவிட்டரிலும் தொடக்கத்தில் பிறர் சொல்லைப் பகிர்வோர் தாமே எடுத்து எழுத வேண்டியிருந்தது. 2009 நவம்பரில் அதற்கென ஒரு பொத்தான் வந்தபின், ஒரு தொடுதலே போதுமாயிற்று.

வாட்ஸ்அப்பில் ‘ஃபார்வர்டு’ செய்யும் முறையின் அமைப்பைச் சற்று ஆராய்வோம். முதலாவது, உழைப்பு இல்லை. மனம் எண்ணி முடிப்பதற்குள் விரல் செயலை முடித்துவிடுகிறது. இரண்டாவது, செய்தியை முதலில் ஆக்கியவன் பெயர் அதனுடன் வருவதில்லை. மூன்றாவது, நாம் நன்கறிந்த ஒருவரிடமிருந்தே அது நமக்கு வருகிறது. மாமா அனுப்பினார், ஆசிரியர் அனுப்பினார் என்று நாம் நம்புகிறோம். அவர்மேல் கொண்ட மதிப்பு, அவர் ஆராயாமல் அனுப்பிய சொல்லின் மேலும் படிகிறது. நான்காவது, 2016ஆம் ஆண்டு முதல் இச்செய்திகள் அனுப்புவோரும் பெறுவோரும் அன்றி இடையில் எவரும் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டுச் செல்கின்றன. தனிமையைக் காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் இடைவழியில் பொய்யை நிறுத்தும் காவலர் எவரும் இல்லை. அனுப்பும் கையே வாயில்; அக்கைக்கு உரியவரே காவலர்.

2018இல் ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்க இயன்றது. ஒருவர் ஐந்து குழுக்களுக்கு மட்டும் அனுப்பினாலும் 1,280 பேரிடம் அச்சொல் சென்று சேரும். நம் சிற்றூர்கள் பலவற்றில் அத்தனை மக்கள் இல்லை.

கொலைகள் பெருகிய பின் அந்நிறுவனம் கருவியின் அமைப்பை மாற்றியது. 2018 ஜூலையில், வேறிடத்திலிருந்து வந்த செய்தி என்பதைக் காட்டும் குறி சேர்க்கப்பட்டது. அதே மாதத்தில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாது என்னும் வரம்பு அறிவிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் அவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலமாகிய 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு முறையில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்பலாம் என வரம்பு மேலும் குறுகியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் போக்குவரத்து 70 விழுக்காடு குறைந்தது என அந்நிறுவனமே தெரிவித்தது. அதே 2020இல் டுவிட்டர், ஒரு கட்டுரையைத் திறவாமலே பகிர முற்படுவோரிடம் “முதலில் படிக்க விரும்புகிறீர்களா?” என்னும் பொருள்படக் கேட்கத் தொடங்கியது. அக்கேள்வியைக் கண்டபின் மக்கள் கட்டுரைகளைத் திறப்பது 40 விழுக்காடு கூடியது என அதுவும் அறிவித்தது.

இவ்வெண்கள் நமக்கு உணர்த்துவது என்ன? அந்தச் சில வாரங்களில் உலக மக்கள் அனைவரும் முனிவர்கள் ஆகிவிடவில்லை. அவர்தம் சினம், அச்சம், ஆவல் யாவும் முன்போலவே இருந்தன. இடையே ஒரு சிறு தடை வைக்கப்பட்டது. ஒரு கேள்வி கேட்கப்பட்டது. அவ்வளவே. அதனாலேயே பெருந்தொகையான சொற்கள் பிறவாமல் நின்றன. பேசிய சொற்களுள் எத்தனை, பேச வேண்டும் என்ற துணிவின்றிப் பேசப்பட்டவை என்பதை இதனால் அறியலாம்.

நம் முன்னோர் கண்ட கருவிகள்

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. தண்ணீர்ப் பானையின் வாயில் வடிகட்டும் துணியைக் கட்டியது யாருடைய ஏற்பாடு? முனிவர் கையில் மயிற்பீலி இருப்பது எதற்காக? மனம் நல்லதாக இருந்தால் போதும் என்று நம் முன்னோர் விட்டுவிடவில்லை. மனம் சோரும் நேரத்திலும் சிற்றுயிர் பிழைக்க வேண்டும் என்று கருதிக் கருவியையே கொல்லாமைக்கு ஏற்ப அமைத்தனர். துணி, பருகும் வேகத்தைக் குறைக்கிறது. பீலி, அமரும் முன் நிற்கச் செய்கிறது. சமிதிகள் ஐந்தும் இவ்வாறு இடையில் நின்று நோக்குதலைப் பழக்குவனவே. அவற்றுள் பாஷா சமிதி, நன்மை பயப்பதாய், அளவுடையதாய், ஐயமற்றதாய் உள்ள சொல்லை மட்டும் பேசுக என்பது.

வடிகட்டாத நீரை நாம் பருகோம். வடிகட்டாத சொல்லைப் பிறர் செவியில் ஊற்றுதல் தகுமோ?

இங்கு ஓர் ஐயம் எழலாம். நிறுவனமே வரம்பு வைத்துவிட்டபின் நமக்கு என்ன வேலை? நிறுவனத்தின் வரம்பு எண்ணிக்கையைப் பற்றியது, உண்மையைப் பற்றியதன்று. ஐவருக்கு அனுப்பினாலும் பொய் பொய்யே. மேலும், வெளியே உள்ளவர் வைத்த தடையை அவரே நாளை நீக்கவும் கூடும். நாமே மேற்கொண்ட விரதம் அவ்வாறு நீங்காது. வெளித்தடை ஊற்றின் வேகத்தைத் தணிக்கும். உள்ளத்தின் விரதமே செறிப்பாகும் (ஸம்வரம்).

உடன்படுதலும் வினையே

“நாம் எதுவும் எழுதுவதில்லை, யார் என்ன எழுதினாலும் ஒரு விருப்பக் குறி இடுவதோடு சரி” என்று சிலர் அமைதி கொள்வர். முகநூலில் 2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த அக்குறி, பின்னர் எங்கும் பரவியது. உடன்பாட்டைத் தெரிவிப்பதை அது எளிதாக்கியது. தெரிவித்தவர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிக் காட்டியது. எண்ணிக்கை கூடக் கூட எழுதியவருக்கு ஊக்கம் பிறக்கிறது. சாந்தமான சொல்லுக்குப் பத்துக் குறியும், ஒருவரை இழித்துரைத்த சொல்லுக்கு நூறு குறியும் கிடைக்குமாயின், அடுத்த முறை அவர் எதைப் பேசுவார்?

நம் ஆகமம் இதை முன்பே கணக்கிட்டுள்ளது. செய்யத் துணிதல், அதற்கு வேண்டுவன திரட்டல், தொடங்கிச் செய்தல் என மூன்று; அவை மனம், மொழி, மெய்யால் நிகழ்தல் என மூன்று; தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படல் என மூன்று; வெகுளி, செருக்கு, மாயம், உலோபம் எனக் கஷாயம் நான்கு. இவற்றைப் பெருக்க 108 ஆகும். உயிருள்ள அதிகரணத்தின் வகைகள் இவை. இவற்றுள் மூன்றில் ஒரு பங்காகிய 36 வகை, வெறும் உடன்பாட்டால் (அனுமோதனை) வருவது. ஒருவர் மானத்தைக் குலைக்கும் சொல்லுக்குக் கீழே நாம் இடும் சிறு குறியும் இந்தக் கணக்கில் சேரும்.

குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் என ஒன்று உண்டு. பயன் ஏதுமின்றிச் செய்யும் தீச்செயலை விலக்குதல் அது. அதன் வகைகளுள் ‘துச்ருதி’ என்பது, மனத்தைக் கலக்கும் தீய செய்திகளை விரும்பிக் கேட்டல். படுக்கையில் கிடந்தபடி, முடிவின்றி ஓடிவரும் செய்திகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பதை வேறு எப்பெயரால் அழைப்பது? திருக்குறளில் புறங்கூறாமையை அடுத்துப் பயனில சொல்லாமை வைக்கப்பட்டிருக்கும் முறையையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். தீய சொல்லை விலக்கியவர்க்கு அடுத்த படி, வீண் சொல்லை விலக்குதல்.

நாம் மேற்கொள்ளத் தக்கவை

கைப்பேசியை எறிந்துவிடுக என நாம் கூறவில்லை. ஊர்களை விட்டுச் சென்னையிலும் பிற நகரங்களிலும் அயல் நாடுகளிலும் பிரிந்து வாழும் நம் குடும்பங்களைச் சேர்த்து வைப்பது இக்கருவியே. முனிசங்கத்தின் விகாரம், ஜினாலயத் திருவிழா, ஓர் இல்லத்தின் துயரச் செய்தி ஆகியவை உரிய நேரத்தில் உரியவரை அடைகின்றன. நன்மை பெரிது. அந்நன்மைக்கு வேலி வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். சிறிய சமுதாயம் நம்முடையது. ஒருவர்மேல் எறிந்த சொல் பத்து உறவினரைத் தாக்கும்.

ஒன்று: எதையும் அனுப்பு முன் மூன்று வினாக்களால் வடிகட்டுவோம். இதை முதலில் சொன்னவர் யார்? எந்நாளில், எவ்விடத்தில் நிகழ்ந்தது? இதை நாம் அனுப்பாவிடில் எவர்க்கு என்ன இழப்பு? மூன்றில் ஒன்றுக்கேனும் தெளிவான விடை இல்லையாயின், அச்சொல் நம்மோடு நிற்கட்டும்.

இரண்டு: இரவு உண்ணாமையைக் குலவழக்கமாகக் கொண்டவர்கள் நாம். கதிரவன் மறைந்தபின், சினத்தோடு மறுமொழி எழுதுவதில்லை என்னும் நியமத்தையும் அதனோடு சேர்த்துக்கொள்வோம். விடிந்தபின் அம்மறுமொழியை எழுத வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது.

மூன்று: சாமாயிகம் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். அவ்வளவு நேரம் கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். போக்குவரவின் எல்லையை நாள்தோறும் சுருக்கிக்கொள்ளும் தேசாவகாசிக விரதத்தைக் கைப்பேசிக்கும் விரித்து, இன்று இத்தனை நாழிகை, இன்ன பயனுக்கு மட்டும் என வரையறுத்துக்கொள்வோம். பெற்றோர் இதனைக் கைக்கொண்டால் பிள்ளைகளுக்குத் தனியே உபதேசம் வேண்டா.

நான்கு: நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூகனமும் ஸ்திதிகரணமும் உண்டு. பிறர் குறையைப் பறைசாற்றாமை முன்னது. வழுவியவரை மீண்டும் நெறியில் நிறுத்துதல் பின்னது. ஆலயக் கணக்கிலோ நிர்வாகத்திலோ குறை காணின், அதனை மறைக்க வேண்டுவதில்லை. உரியவரிடமும் உரிய சபையிலும் நேர்நின்று கேட்பதே முறை. முந்நூறு பேர் பார்த்திருக்கும் குழுவில் ஒருவரைக் குற்றவாளி ஆக்கினால், அவர் திருந்துவதற்கு இருந்த வழியையும் நாம் அடைத்துவிடுகிறோம்.

ஐந்து: பொய் என்று தெரிந்த செய்தியை நீக்கிவிடுதல் மட்டும் போதாது. அது எங்கெங்கே சென்றதோ அங்கெல்லாம், “அது பொய்” என்னும் சொல்லும் செல்ல வேண்டும். சொல்லுக்குரிய பிரதிக்கிரமணம் அதுவே.

ஆறு: தசலக்ஷண பர்வத்தின் நிறைவில் மன்னிப்பு வேண்டும் படங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எவரோ எழுதிய மன்னிப்பை எல்லார்க்கும் அனுப்புதல் எளிது. உண்மையாகவே மனம் நோகச் செய்த ஒருவர் உளரேல், அவர் வாயிலுக்கு நடந்து செல்வோம். தொலைவில் இருப்பின் நம் குரலால் கேட்போம். உத்தம க்ஷமையைக் கைமாற்றி அனுப்ப இயலாது.

நிறைவாக, திருமலையில் நின்றருளும் நேமிநாத பகவானை நினைப்போம். மணக்கோலத்தில் தேரேறிச் சென்றபோது, அடைக்கப்பட்ட விலங்குகளின் அழுகுரல் அவர் செவியில் விழுந்தது. ஊர்வலம் முழுவதும் முன்னே செல்லுமாறு உந்தியது, இசை முழங்கியது, எல்லாரும் காத்திருந்தனர். அவர் தேரை நிறுத்தினார். “இவை ஏன் அழுகின்றன?” என்று கேட்டார். மணவிருந்துக்காக அடைக்கப்பட்டவை என அறிந்ததும் திரும்பினார். நிறுத்துதல், கேட்டல், திரும்புதல் என்னும் இம்மூன்றும் அவரைத் தீர்த்தங்கரர் ஆக்கிய பாதையின் தொடக்கம்.

அத்திமூருக்குச் சென்ற அந்த வதந்தி எத்தனையோ விரல்களைக் கடந்தே சென்றிருக்க வேண்டும். அவ்விரல்களுள் சிலவேனும் நின்று கேட்டிருந்தால், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த அம்மூதாட்டி தம் வீடு திரும்பியிருக்கக் கூடும். நம் கைக்கு வரும் அடுத்த செய்தியிலும் எவரோ ஒருவருடைய மானமோ உயிரோ இருக்கலாம். நிறுத்துவோம், கேட்போம், வேண்டுமாயின் திரும்புவோம்.

அறம் வளர்க! அருள் பெருகுக! எல்லா உயிரும் இன்புற்று வாழ்க!